கடைசி கீமோவுக்குப் பிறகு: புற்றுநோய் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம்.

சிகிச்சை முடிந்து எங்களை வீட்டுக்கு அனுப்பும்போது, எங்களுக்கு என்னென்ன செய்யப்பட்டது, இனி என்னென்ன வரக்கூடும், எதற்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதிய ஒரு தாளைக் கொடுங்கள். அதை எங்கள் எதிரே உட்கார்ந்து விளக்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இந்த மடலில் நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லத்தான் மீதி எல்லாம்.

எனக்கு வந்தது பெருங்குடல் புற்றுநோய். முதலில் அறுவை சிகிச்சை, பிறகு ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து சேர்ந்த கீமோ. கடைசிச் சுற்று முடிந்த அன்று செவிலியர் ஊசியைக் கழற்றிவிட்டு, அடுத்த ரத்தப் பரிசோதனைக்கான தேதியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். "எல்லாம் முடிஞ்சுது, இனிமே நிம்மதியா இருங்க" என்றார். மனதாரத்தான் சொன்னார். வீட்டிலும் எல்லோரும் அதையே சொன்னார்கள்.

அடுத்த சில வாரங்களில் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. கீமோ நடந்த காலத்தில் குளிர்ந்த பொருளைத் தொட்டால் சுரீரென்று குத்தும். அது பழகிப்போன வலி. இது வேறு. சட்டைப் பொத்தான் விரல்களுக்கு நடுவே இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. குனிந்து கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். செருப்பு காலிலிருந்து கழன்றது தெரியாமல் நடந்துவிடுவேன். திரும்பிப் பார்த்தால் அது பின்னால் கிடக்கும். மருந்தை நிறுத்தியாயிற்று, பிறகும் மரப்பு கூடிக்கொண்டே போகிறது என்றால் நோய்தான் நரம்புக்குள் இறங்கிவிட்டது என்று நினைத்து இரவெல்லாம் விழித்துக் கிடந்தேன். அடுத்த முறை மருத்துவரிடம் சொன்னபோது அவர் சற்றும் அதிரவில்லை. "இந்த மருந்துக்கு இது வழக்கம்தான். நிறுத்தின பிறகும் சில மாசம் கூடும். அப்புறம் நிறைய பேருக்கு மெல்லமெல்லக் குறையும்" என்றார். அந்த இரண்டு மூன்று வரிகளை யாராவது கடைசி கீமோ அன்றே சொல்லியிருந்தால், அத்தனை இரவுகளை நான் பயத்தில் கழித்திருக்க மாட்டேன். அவருக்கு அது பாடப்புத்தகத்தில் இருக்கும் சாதாரண விஷயம். எனக்குத் தெரிய வழியே இல்லை.

இது என் ஒருவனுடைய கதை என்றால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். சிகிச்சை முடித்தவர்கள் சேர்ந்து பேசும் இடங்களில் உட்கார்ந்து பாருங்கள். நோய் ஒவ்வொருவருக்கும் வேறு, மருந்து வேறு, வயது வேறு. ஆனால் எல்லோரிடமும் ஒரு வாக்கியம் இருக்கிறது: "இப்படி ஆகும்னு யாரும் சொல்லல." சிகிச்சை நடந்த காலத்தைப் பற்றி அப்படிச் சொல்பவர்கள் குறைவு. அப்போது காய்ச்சல் இத்தனை டிகிரி தாண்டினால் உடனே வா, வாய்ப்புண் வந்தால் இதைச் செய் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தீர்கள். ராத்திரி எந்நேரமும் கூப்பிட ஒரு எண் இருந்தது. சிகிச்சை முடிந்த மறுநாளிலிருந்துதான் அந்தக் கை விலகிவிடுகிறது. உடம்பு மிகவும் நொந்து கிடக்கும் நேரமும் அதுதான்.

இதை முதலில் தெளிவாக எழுதியவர் உங்களில் ஒருவரே. அமெரிக்க மருத்துவர் ஃபிட்ஸ்ஹ்யூ முல்லன் தமது முப்பதுகளின் தொடக்கத்தில் புற்றுநோய்க்கு ஆளானவர். 1985-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அவர் எழுதிய கட்டுரை, நோயாளியின் காலத்தை மூன்று பருவங்களாகப் பிரித்தது: நோயைக் கண்டறிந்து சிகிச்சை பெறும் பருவம்; சிகிச்சை முடிந்தபின் 'திரும்ப வருமோ' என்ற அச்சத்தோடும் தேயாத களைப்போடும் காத்திருக்கும் பருவம்; நோய் இனி வராது என்று ஓரளவு நம்பத் தொடங்கும் நெடும்பருவம். மருத்துவத்தின் கவனமெல்லாம் முதல் பருவத்தோடு நின்றுவிடுகிறது என்பது அவருடைய ஆதங்கம். இன்றைக்கும் அதில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் அந்த நடுப்பருவத்தில் இருப்பவர்களின் எண்ணிக்கை எங்கேயோ போய்விட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் புற்றுநோய் கண்டறியப்பட்டு உயிரோடு இருப்பவர்கள் 5 கோடியே 35 லட்சம் பேர். உங்கள் உழைப்பால் உயிரோடு இருக்கிறோம். அந்த நன்றியோடுதான் மேற்கொண்டு கேட்கிறேன்.

சிகிச்சை முடித்தவர் கடைசி நாளில் மருத்துவமனையில் மணி அடித்துக் கொண்டாடும் வழக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1996-இல் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் சிகிச்சை முடித்த கடற்படை அதிகாரி அர்வ் லெமாய்ன், பித்தளை மணி ஒன்றைக் கொண்டுவந்து அடித்துவிட்டு அதை அங்கேயே விட்டுச் சென்றார். அந்த வழக்கம் உலகமெங்கும் பரவிவிட்டது. நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர் கதிர்வீச்சு சிகிச்சை முடித்தவர்களிடம் ஆய்வு செய்து 2019-இல் வெளியிட்ட முடிவு அவர்களே எதிர்பாராதது. மணி அடித்தவர்கள், அடிக்காதவர்களைவிட அதிக வேதனையோடு அந்தச் சிகிச்சைக் காலத்தை நினைவுகூர்ந்தார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. கைதட்டி வழியனுப்பிவிட்டால், மறுவாரம் எழுந்திருக்கவே முடியாமல் கிடப்பவர் அதை யாரிடம் போய்ச் சொல்வார்? 'எல்லாம் முடிந்துவிட்டதே, இவருக்கு இன்னும் என்ன?' என்று நினைத்துவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொள்வார். மணியை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மணிக்குப் பிறகு ஒரு பேச்சு வேண்டும் என்கிறேன்.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன்.

அதில் முதலில் இருக்க வேண்டியது, எங்கள் உடம்புக்குள் என்ன போனது என்பது. மருந்தின் பெயர், மொத்த அளவு, கதிர்வீச்சு எந்த இடத்தில் எவ்வளவு. 'கீமோ எடுத்தவர்' என்று மட்டும் ஒரு நோயாளியின் கோப்பில் எழுதினால் பத்தாண்டு கழித்து அவரைப் பார்க்கும் மருத்துவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. டாக்ஸோருபிசின் போன்ற மருந்துகள் இதயத் தசையைப் பலவீனமாக்கக்கூடும். அது பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம். வாழ்நாளில் எடுத்த மொத்த அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். அந்த அளவு எழுதப்படாவிட்டால், மூச்சு வாங்குகிறது என்று பின்னாளில் போய் நிற்பவரை 'வயசாயிடுச்சு, எடை கூடிடுச்சு' என்று திருப்பி அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.

மார்பில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் இதேதான். ஸ்வீடன், டென்மார்க் நாடுகளில் மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற பெண்களை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு, இதயத்துக்குச் சராசரியாகப் போய்ச் சேர்ந்த கதிர்வீச்சு ஒவ்வொரு கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கூடும்போதும் மாரடைப்பு போன்ற பெரிய இதய நிகழ்வுகள் 7.4 சதவீதம் கூடுவதாகக் கண்டது. முதல் ஐந்தாண்டுக்குள்ளேயே தொடங்கும் அந்த ஆபத்து, இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் தொடர்ந்தது. இன்றைய கருவிகள் இதயத்தைப் பெருமளவு காப்பாற்றுகின்றன என்பது தெரியும். ஆனாலும் எவ்வளவு பட்டது என்பது எழுத்தில் இருந்தால்தானே ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் புகைப்பழக்கத்தையும் கூடுதல் கண்டிப்போடு பார்த்துக்கொள்ள வேண்டியவர் யார் என்று தெரியும்?

எனக்குத் தெரிந்த ஒருவர் கழுத்திலும் தாடையிலும் கதிர்வீச்சு பெற்றவர். எச்சில் சுரப்பிகள் வறண்டுபோய், எங்கே போனாலும் தண்ணீர் பாட்டிலோடுதான் இருப்பார். பேசும்போதே இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை ஒரு மிடறு குடிப்பார். எச்சில் இல்லாத வாயில் பல் சொத்தை வேகமாக வரும். ஒரு கடைவாய்ப்பல் வலித்தபோது சாதாரணமாகப் பல் மருத்துவரிடம் போய் அதைப் பிடுங்க உட்கார்ந்துவிட்டார். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பில் பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே அழுகிப்போகக்கூடும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நல்லவேளை, பல் மருத்துவர் கழுத்துத் தோலின் நிறத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். கேட்டிருக்காவிட்டால்? அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வரிதான்: 'பல் பிடுங்கும் முன் கதிர்வீச்சு மருத்துவரிடம் கேட்கவும்.' கழுத்துக் கதிர்வீச்சுக்குப் பிறகு தைராய்டு சுரப்பும் குறையலாம். அதற்கு அவ்வப்போது ஒரு ரத்தப் பரிசோதனை போதும். செய்யாமல் விட்டால் களைப்பு, எடை கூடுதல், மனச்சோர்வு என்று வந்து, அத்தனையும் 'புற்றுநோய்க்கு அப்புறம் அப்படித்தான்' என்ற கணக்கில் போய்விடும்.

சிறு வயதில் சிகிச்சை பெற்றவர்களை நினைத்தால் கவலை இன்னும் கூடுகிறது. அவர்களுடைய வரலாறு பெற்றோரின் நினைவில் இருக்கிறது, பெற்றோருக்குப் பிறகு? அமெரிக்காவிலும் கனடாவிலும் 1970-க்கும் 1986-க்கும் இடையே குழந்தைப்பருவப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்து 2006-இல் வெளியான ஆய்வில், வளர்ந்தபின் அவர்களில் 62 சதவீதத்தினருக்கு ஏதாவது ஒரு நாட்பட்ட உடல்நலக் குறை இருந்தது. இளம் வயதில் மார்பில் கதிர்வீச்சு பெற்ற பெண்கள், 25 வயதிலிருந்தோ கதிர்வீச்சு முடிந்து எட்டு ஆண்டுகளிலிருந்தோ, எது பிந்தியதோ அப்போது மார்பகப் பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்பது குழந்தைப் புற்றுநோய் வல்லுநர்களின் வழிகாட்டுதல். மற்றப் பெண்களுக்குச் சொல்லும் வயதுவரை அவர்கள் காத்திருக்கக் கூடாது. பதினைந்து வயதில் சிகிச்சை முடித்துப்போன ஒரு பெண்ணுக்கு இதை யார், எப்போது சொல்வது?

இந்தத் தாள் நானாகக் கண்டுபிடித்ததில்லை. அமெரிக்காவின் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்' என்ற மருத்துவ ஆலோசனை அமைப்பு 2005-லேயே, சிகிச்சை முடிக்கும் ஒவ்வொருவருக்கும் சிகிச்சைச் சுருக்கமும் பின்தொடர் திட்டமும் எழுத்தில் தரப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. வழிகாட்டுதல்களுக்குக் குறைவில்லை. எங்கள் கைக்கு வந்து சேர்வதுதான் அரிதாக இருக்கிறது.

தாள் மட்டும் போதாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த 408 பெண்களிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், எழுதிய திட்டத்தைப் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் மன வேதனையில் வேறுபாடு தெரியவில்லை. 'அப்புறம் எதற்கு இந்த வேலை?' என்று உங்களில் சிலர் இதைக் காட்டிக் கேட்கலாம். அந்த ஆய்வில் இரு தரப்பினருக்குமே மருத்துவரோடு விடைபெறும் சந்திப்பு ஒன்று இருந்தது. எங்களில் பலருக்கு அதுவே கிடைப்பதில்லை. அதனால்தான் தாளையும் அரை மணி நேரத்தையும் சேர்த்துக் கேட்கிறேன். தாள் அடுத்த மருத்துவருக்கு, பேச்சு எங்களுக்கு.

அந்த அரை மணி நேரத்தில் பேச வேண்டியவற்றில் முதலில் வருவது களைப்பு. தூங்கி எழுந்தால் போகிற களைப்பு இல்லை இது. குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தால் துண்டை மடிக்கக் கை எழாது. வெளியே பார்ப்பவர்களுக்கு முடி வளர்ந்துவிட்டது, முகம் தெளிந்துவிட்டது. ஆள் சோம்பேறி ஆகிவிட்டார் என்றுதான் தோன்றும். ரத்தசோகை, தைராய்டு, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதற்கு மேல், இந்தக் களைப்புக்கு நம்மிடம் இருக்கும் நல்ல மருந்து உடற்பயிற்சி. 113 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-இல் வெளியான அலசல், உடற்பயிற்சியும் உளவியல் உதவியும் மாத்திரைகளைவிடக் களைப்பை நன்றாகக் குறைப்பதாகக் காட்டியது. களைத்துக் கிடப்பவரை எழுந்து நட என்பது கொடுமையாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் முதலில் தெருமுனை வரை, பிறகு இன்னும் கொஞ்சம் என்று கூட்டிக்கொண்டே போனபோதுதான் பகலில் படுப்பது குறைந்தது.

என்னைப் போன்ற பெருங்குடல் நோயாளிகளுக்கு 2025-இல் வந்த செய்தி இன்னும் பெரியது. 'சேலஞ்ச்' என்ற ஆய்வில், அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு தரப்புக்கு உடல்நலக் கையேடு மட்டும். இன்னொரு தரப்புக்கு மூன்று ஆண்டுகள் பயிற்றுநர் ஒருவரின் துணையோடு உடற்பயிற்சித் திட்டம். பெரும்பாலும் வாரத்தில் சில நாள் வேக நடைதான். எட்டு ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள், பயிற்சித் தரப்பில் 90.3 சதவீதம், கையேடு பெற்றவர்களில் 83.2 சதவீதம். பயிற்சி செய்தவர்களுக்குத் தசை, மூட்டுத் தொல்லைகள் சற்றுக் கூடுதலாக வந்தன என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. ஒரு புதிய மாத்திரை இந்த எண்களைக் காட்டியிருந்தால் அது மறுநாளே உங்கள் மருந்துச் சீட்டில் ஏறியிருக்கும். நடைக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள். 'கொஞ்சம் வாக்கிங் போங்க' என்று கதவருகே சொல்வதை எங்களால் மருத்துவ அறிவுரையாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை. எத்தனை நாள், எவ்வளவு நேரம், எப்போது கூட்டுவது என்று எழுதிக் கொடுங்கள். என்னைப் போல் பாதம் மரத்தவர் எங்கே, எப்படி நடந்தால் விழாமல் இருப்பார் என்று பார்க்க ஒரு இயன்முறை மருத்துவரிடம் அனுப்புங்கள். கையேடு வாங்கிய தரப்பு பின்தங்கியது என்பதையும் கவனியுங்கள். அவர்களுக்கும் தகவல் கிடைத்தது. கூட நடக்க ஆள் கிடைக்கவில்லை.

பழைய அறிவுரைகள் எவ்வளவு காலம் உயிர்வாழ்கின்றன என்பதற்கு மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்களைக் கேளுங்கள். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்த பக்கக் கையால் எடையே தூக்கக் கூடாது, தூக்கினால் கை வீங்கும் என்று பயந்து, பேரப்பிள்ளையைக்கூடத் தூக்காமல் இருப்பவர்கள் உண்டு. ஏற்கெனவே கை வீங்கிய பெண்களுக்கு மேற்பார்வையோடு படிப்படியாக எடைப்பயிற்சி கொடுத்துப் பார்த்து 2009-இல் வெளியான ஆய்வில் வீக்கம் கூடவில்லை. தொல்லைகள் குறைந்தன, கைக்குப் பலம் வந்தது. இது தெரியாமல் எத்தனை கைகள் வீணே ஓய்ந்துகிடக்கின்றன!

பிறகு பயம். ஸ்கேனுக்கு முந்தைய வாரம் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேச மாட்டார்கள். வயிற்றில் எங்காவது இழுத்துப் பிடித்தால் போதும், கை தானாக அங்கே போய் அமுக்கிப் பார்க்கும். 'பாசிட்டிவா இருங்க' என்று சொல்லி இந்தப் பயத்தை நிறுத்த முடியாது. குறையச் செய்வது தகவல்தான். என்னுடைய நோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பும். அதனால்தான் அந்தக் காலத்தில் அடிக்கடி பரிசோதனை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குப் பயத்துக்கு ஒரு எல்லை கிடைத்தது. எந்த அறிகுறியை ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது, எதற்கு இரண்டு வாரம் பொறுக்கலாம், எது இந்தச் சிகிச்சையின் பின்விளைவு என்று பிரித்துச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டை எப்போது, யார் சொல்வார் என்று ஸ்கேன் எடுக்கும் முன்பே சொல்லுங்கள். புரியாத சொற்கள் நிறைந்த ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை மாலை கைபேசியில் வந்து விழுந்தால், திங்கள்கிழமை வரை அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பயம் ஆளையே முடக்கும் அளவுக்குப் போனவர்களுக்கு உதவி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே வடிவமைத்த ஐந்து உளவியல் அமர்வுகள், வெறும் தளர்வுப் பயிற்சியைவிடப் பயத்தை நன்றாகக் குறைத்ததாக 2017-இல் ஆய்வு வந்தது. எங்களில் யாருக்கு அது தேவை என்பது நீங்கள் கேட்டால்தான் தெரியும். "தூக்கம் எப்படி? பயம் எப்படி?" என்று கேட்க ஒரு நிமிடம் ஆகும்.

யாரும் கேட்காத இன்னொன்று தாம்பத்தியம். புரோஸ்டேட் சிகிச்சைக்குப் பிறகு விறைப்புக் குறைவதும், இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சுக்குப் பிறகு பெண்ணுறுப்பு வறண்டு குறுகுவதும், திடீரென்று மாதவிடாய் நின்றுபோவதும் உங்களுக்குப் புதிதில்லை. வறட்சிக்குக் களிம்புகள் இருக்கின்றன. குறுகாமல் தடுக்கத் தொடக்கத்திலிருந்தே பயன்படுத்தும் விரிப்பான்கள் இருக்கின்றன. விறைப்புக்கும் சிகிச்சை இருக்கிறது. ஆனால் நாங்கள் வெட்கத்தில் கேட்பதில்லை; 'உயிர் தப்பியதே பெரிது, இதைப் போய்க் கேட்கலாமா?' என்ற குற்ற உணர்ச்சி வேறு. கணவனும் மனைவியும் காரணம் பேசாமலே தனித்தனி அறைக்குப் போய்விடுகிறார்கள். பேச்சை நீங்கள்தான் தொடங்க வேண்டும். "நிறைய பேருக்கு இதில் சிரமம் வரும், உங்களுக்கு எப்படி?" என்று ஒரு செவிலியர் கேட்டால் போதும், பாதித் தயக்கம் போய்விடும். எழுதிய தாளில் அது ஒரு வரியாக இருந்துவிட்டால், வாய் திறக்க முடியாதவர் விரலால் காட்டிவிடுவார்.

உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எங்களைச் சுற்றியுள்ளவர்கள்தான் அதை அதிகம் சொல்லிவிடுகிறார்களே! ஆளுக்கொரு பொடி, ஆளுக்கொரு மாத்திரை. நல்லது என்று நினைத்து எடுப்பதும் கேடாகலாம் என்பதற்குச் சான்று உண்டு: ஃபின்லாந்தில் புகைப்பிடிப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்தபோது நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதில் கூடியது, 1994-இல் வந்த முடிவு அது. 'எந்தச் சத்து மாத்திரையையும் எங்களைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்' என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், வீட்டுக்கு வருபவர்களிடம் காட்டி நாங்கள் தப்பித்துக்கொள்வோம்.

வேலைக்குத் திரும்புவதிலும் உங்கள் எழுத்துக்கு மதிப்பு உண்டு. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் வெளியான அலசலில், புற்றுநோயிலிருந்து மீண்டவர்களில் 33.8 சதவீதம் பேர் வேலையின்றி இருந்தார்கள்; நோய் வராதவர்களில் அது 15.2 சதவீதம். 'வேலைக்குத் தகுதியானவர்' என்று ஒற்றை வரியில் நீங்கள் தரும் சான்றிதழ் சில நேரம் எங்களுக்கு எதிராகவே திரும்புகிறது. முதல் நாளே முழுநேர வேலை என்று வைத்துவிடுகிறார்கள். முதல் சில மாதம் பாதி நேரம், நடுவில் ஓய்வு, பெயரும் எண்ணும் உடனே நினைவுக்கு வராமல் தடுமாறினால் குறிப்பெழுதி வேலை செய்ய வசதி என்று விரித்து எழுதினால் பல வேலைகள் காப்பாற்றப்படும். கடனும் காப்பீடும் கேட்கப் போகும்போது பழைய நோய் வாழ்நாள் முழுக்கத் துரத்துவதைத் தடுக்க பிரான்ஸ் 2016-இல் சட்டம் கொண்டுவந்தது. 2022-இல் அதைத் திருத்தி, சிகிச்சை முடிந்து நோய் திரும்பாமல் ஐந்து ஆண்டு கடந்துவிட்டால் வீட்டுக்கடன் காப்பீட்டுக்கு அந்த நோயைச் சொல்லவே வேண்டாம் என்று ஆக்கியது. பெல்ஜியம், நெதர்லாந்து, போர்ச்சுகல், ஸ்பெயின், இத்தாலி என்று மற்ற நாடுகளும் இத்தகைய சட்டங்களைக் கொண்டுவந்துவிட்டன. சட்டம் இயற்றுவது உங்கள் கையில் இல்லை. ஆனால் அதைக் கேட்டு நாங்கள் குரல் கொடுக்கும்போது, 'ஆம், இத்தனை ஆண்டு கடந்தவர்களின் ஆபத்து இவ்வளவு குறைவு' என்று சொல்லும் தகுதி உங்களுக்குத்தான் இருக்கிறது.

உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும். வெளியே வரிசையில் நிற்பவர்களில் இன்றைக்குத்தான் நோய் தெரியவந்தவர் இருப்பார். அவரைத் தள்ளிவைத்து எங்களைப் பாருங்கள் என்று கேட்க எனக்கு மனம் வராது. அதனால்தான் இந்தத் தாள் உங்கள் சுமையைக் குறைக்கும் என்றும் சொல்கிறேன். மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்களைக் குடும்ப மருத்துவரே தொடர்ந்து பார்த்தபோது, நோய் திரும்புவதைக் கண்டுபிடிப்பதில் தாமதம் கூடவில்லை என்று 1996-லேயே பிரிட்டனில் ஆய்வு வந்துவிட்டது. எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் குடும்ப மருத்துவர் பார்த்துக்கொள்வார். எழுதிக் கொடுக்காததால்தான் சின்னத் தலைவலிக்கும் நாங்கள் உங்கள் வாசலிலேயே வந்து நிற்கிறோம்.

அந்த அரை மணி நேரத்துக்கு மருத்துவரே வேண்டும் என்பதில்லை. பயிற்சி பெற்ற செவிலியர் போதும். பல விஷயங்களை அவர்களிடம்தான் மனம்விட்டுப் பேச முடிகிறது. கடைசி கீமோ நாளன்றே வேண்டாம். அன்று எங்கள் காதில் எதுவும் ஏறாது. மூன்று நான்கு வாரம் கழித்து, கூட ஒருவரை அழைத்துவரச் சொல்லிக் கூப்பிடுங்கள். எங்களைப் பார்த்துக்கொண்டவருக்கும் கேட்க ஆயிரம் இருக்கும். அத்தனை மாதம் அழாமல் இருந்தவர் பல நேரம் சிகிச்சை முடிந்த பிறகுதான் உடைந்துபோகிறார். தாளின் கடைசியில் ஒரு தொலைபேசி எண்ணும், அதை எடுப்பவர் பெயரும் இருக்கட்டும்.

அடுத்த சில நாட்களில் கடைசிச் சுற்றுக்கு வரப்போகிறவர் யாராவது உங்கள் பட்டியலில் கட்டாயம் இருப்பார். மருந்துகளும் அளவுகளும் ஏற்கெனவே அவருடைய கோப்பில் இருக்கின்றன. அவருக்கான தாளை இன்றைக்கே எழுதத் தொடங்குங்கள்.

நன்றியுடன்,
உங்கள் கைகளால் பிழைத்த ஒருவன்